குபெர்னெட்டிஸில் டெப்ளாய்: அப்ளை கொடுத்த பிறகு பார்க்க வேண்டியவை

குபெர்னெட்டிஸ் என்பது கன்டெய்னர்களை (ஆப்பையும் அதற்குத் தேவையானவற்றையும் அடைத்த பொதி) பல கணினிகளில் ஓட்டும் அமைப்பு. அதன் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல்லில் அப்ளை கொடுத்ததும் 'கான்ஃபிகர்டு' என்று வந்துவிடும். யாமல் கோப்பு (எது எப்படி ஓட வேண்டும் என்று எழுதியது) கிளஸ்டரில், அதாவது அந்தக் கணினிகளின் கூட்டத்தில், பதிவானது, அவ்வளவுதான். சர்வீஸ் ஓடுகிறதா என்பதை 'ரோல்அவுட் ஸ்டேட்டஸ்' கட்டளைதான் சொல்லும். 600 நொடிகளுக்கு முன்னேற்றமே இல்லையென்றால், இயல்பு அமைப்பில் அது பிழையோடு வெளியேறும்.

அப்ளைக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. 'கரன்ட்-கான்டெக்ஸ்ட்' பார்த்து எந்த கிளஸ்டரில் இருக்கிறோம் என்று உறுதி செய்யுங்கள். இமேஜுக்கு (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) 'லேட்டஸ்ட்' டேக் வேண்டாம், கிட் கமிட் எண்ணையே வையுங்கள். எம் சிப் மேக்கில் பில்ட் செய்தால் பிளாட்ஃபார்மை ஏஎம்டி64 என்று குறிப்பிடுங்கள். விட்டால், இன்டெல் நோடில் (கிளஸ்டரின் ஒரு கணினி) 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வந்து கன்டெய்னர் தொடங்காது. பிறகு என்ன மாறும் என்று காட்டும் 'டிஃப்', அதன்பின் அப்ளை.

ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) சர்வீஸ்களில் அதிகம் படுத்துவது, ஆப் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லைவ்னஸ் ப்ரோப்தான். இயல்பாக 10 நொடிக்கு ஒரு சோதனை, 3 முறை தோற்றால் ரீஸ்டார்ட். ஆப் எழுந்திருக்க 40 நொடி ஆகுமென்றால் அதற்குள் கொன்றுவிடும். மறுபடி தொடங்கும், மறுபடி கொல்லும். லாகில் எக்ஸெப்ஷன் எதுவும் இருக்காது, பாதியில் நின்றிருக்கும். 'டிஸ்கிரைப் பாட்' (பாட் என்பது கன்டெய்னர் ஓடும் அலகு) கொடுத்து ஈவென்ட்ஸ் பகுதியைப் பாருங்கள், 'லைவ்னஸ் ப்ரோப் ஃபெயில்டு' என்றிருக்கும். ஆப் எழுந்துவிட்டதா என்று பார்க்கும் ஸ்டார்ட்அப் ப்ரோப் சேர்த்து 10 நொடிக்கு ஒன்றாக 30 முயற்சி கொடுத்தால் 300 நொடி அவகாசம் கிடைக்கும். அது வெற்றி பெறும்வரை லைவ்னஸ் தொடங்காது.

கிராஷ்லூப்பில் (விழுவதும் மறுபடி தொடங்குவதுமாக) இருக்கும் பாடுக்கு 'லாக்ஸ்' கட்டளையோடு 'ப்ரீவியஸ்' சேர்த்தால்தான் செத்த கன்டெய்னரின் லாக் வரும். எக்ஸிட் கோடையும் (நின்றபோது கன்டெய்னர் விட்ட எண்) பாருங்கள். ஜாவாவில் 143 என்றால் நிறுத்தச் சொல்லி நின்றது, பெரும்பாலும் ப்ரோப் வேலை. 137-உடன் 'ஓஓஎம்கில்டு' என்றிருந்தால் மெமரி போதவில்லை. 512 எம்ஐ (மெபிபைட்) லிமிட்டில் ஹீப்புக்கு (ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) 75 சதவீதம் கொடுத்தால் மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள் இருக்கும் இடம்), த்ரெட் எல்லாவற்றுக்கும் 128 எம்ஐதான் மிஞ்சும். அது பெரும்பாலும் பற்றாது, 768 எம்ஐ வைப்பது நல்லது.

பாட் 1/1 ரன்னிங், ஆனால் சர்வீஸ் (பாடுகளுக்கு முன் நிற்கும் நிலையான முகவரி) வழியாகப் பதில் இல்லையா? அந்த சர்வீஸின் பின்னால் உள்ள பாட் முகவரிகளின் பட்டியலான எண்ட்பாயின்ட்ஸ்லைஸைப் பாருங்கள். காலியாக இருந்தால், சர்வீஸ் பாடுகளைத் தேடும் செலக்டரும் பாடின் லேபிலும் பொருந்தவில்லை. முகவரிகள் இருந்தும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வந்தால் டார்கெட்போர்ட் (சர்வீஸ் பாடில் சேரும் போர்ட்) தவறு, அல்லது ஆப் 127.0.0.1-இல் மட்டும் கேட்கிறது. பாடின் போர்ட்டை நம் கணினிக்குக் கொண்டுவரும் போர்ட்-ஃபார்வர்டை இங்கே நம்ப முடியாது. அது பாடுக்குள் லோக்கல்ஹோஸ்டில் இணைவதால் 127.0.0.1 பிரச்சினையை மறைத்துவிடும். கிளஸ்டருக்குள் ஒரு தற்காலிக பாட் எழுப்பி, அங்கிருந்து சர்வீஸ் பெயருக்கு கர்ல் (ஹெச்டிடிபி கோரிக்கை அனுப்பும் கட்டளை) அடியுங்கள்.

சரிவரவில்லை என்றால் 'ரோல்அவுட் அண்டூ' உடனே முந்தைய பதிப்புக்குக் கொண்டுபோகும். கிட்டில் இருக்கும் யாமலையும் அப்போதே பின்வாங்குங்கள், இல்லையேல் அடுத்த அப்ளை அதே கெட்ட இமேஜைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.