சட்டைக் கையை விடாத பிடி

ஜூடோ பயிலத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில்தான் ஒரு மூத்த ஆசிரியரின் கையில் முதன்முறையாக முழுமையாகச் சிக்கினேன். அவருக்கு அப்போது அறுபது வயது கடந்திருந்தது. என்னைவிட எடையிலும் குறைந்தவர். இருவர் தடையின்றி மோதிப் பழகும் ரான்டோரி என்ற அந்த ஐந்து நிமிடப் பயிற்சியில் எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணிக்கொண்டே வந்தவன், எட்டாவது முறையோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அவருடைய வலக்கால் என் வலக்காலுக்குப் பின்னால் எப்போது வந்தது என்பது தெரியாமலேயே கூரை கண்ணில் படும். அடுத்த கணம் முதுகு மெத்தையில் அறைந்து, மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நெஞ்சுக்குள் நின்றுவிடும். எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்து வணங்குவதற்குள் அவர் கைகள் மீண்டும் என் கழுத்துப்பட்டியில் இருக்கும்.

மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க இரண்டு கைகளாலும் தாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் பின்மண்டை தரையில் படாதிருக்கத் தாடையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்போம் அல்லவா, அந்த உழைப்பு முழுவதும் முன்கழுத்துத் தசைகளில் இறங்கியிருந்தது. விரல் மூட்டுகள் வீங்கி, கழுத்தின் இருபுறமும் தடித்த துணி உரசிய தடம் சிவந்து கிடந்தது. இத்தகைய வலியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு மூன்று நாளில் தானே வடிந்துவிடும் வலி அது. உடல் ஒரு புதிய வேலைக்குப் பழகுவதன் அடையாளம்.

கடுமையான பயிற்சியில் வலியைத் தாங்குவது பற்றிப் பேசும்போது, ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் இளமைக்காலம் எனக்கு நினைவுக்கு வரும். 1877 இல் அவர் ஃபுகுடா ஹாச்சினோசுகே என்ற, ஜப்பானின் பழைய மற்போர்க் கலையான ஜுஜுட்சுவின் ஆசிரியரிடம் சேர்ந்தார். ஒரு வீச்சைக் கண்டு, கை எங்கே போக வேண்டும், கால் எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்க, ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்லாமல் மறுபடியும் தூக்கிப் போட்டார். கேட்கும்போதெல்லாம் அதே விடைதான் கிடைத்தது. அப்படிக் கற்ற அதே மனிதர்தான் 1882 இல் கோடோகான் என்ற தம் ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது, விழும் கலையான உகெமிக்கு முதன்மை தந்தார். ஆபத்தான நுட்பங்களை ரான்டோரியிலிருந்து விலக்கி, வரையறுத்த வடிவங்களான காதாவுக்குள் வைத்தார். தான் பட்ட பாட்டை அப்படியே அடுத்த தலைமுறையின் தலையில் ஏற்றாமல், அதில் எது கற்பித்தது, எது வெறுமனே காயப்படுத்தியது என்று பிரித்துப் பார்த்த அந்தத் தெளிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

வலிமை மிகுந்த இளைஞரோடு மோதினால் எங்கெங்கோ வலிக்கும். முழங்கை மூக்கில் படும், முட்டி தொடையில் இறங்கும். கைதேர்ந்த மூத்தவர் தரும் வலி அளந்து வைத்தது போல இருக்கும். ஜூஜி கதமே என்ற முழங்கைப் பூட்டில் என் கையைத் தம் தொடைகளுக்கு நடுவே நீட்டி, கட்டைவிரல் மேலே பார்க்குமாறு மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் இடுப்பை உயர்த்துவது ஒரு விரற்கடை அளவுதான். முழங்கை மூட்டின் உட்புறம் இழுபடத் தொடங்கும் அந்த இடத்தில் அவர் நிற்பார். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் எனக்குக் கிடைக்கும். தப்பிக்க வழியிருந்தால் தேடலாம், இல்லாவிட்டால் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். நான் தட்டுவதற்கும் அவர் விடுவதற்கும் இடையில் எந்த இடைவெளியும் இருந்ததில்லை.

அவரிடம் கற்ற இன்னொரு பாடம் என் நினைப்பையே புரட்டிப் போட்டது. அவருடைய கழுத்து நெரிப்பு வலிக்காது. மூச்சுக்குழாயை அழுத்துவது பயில்வோரின் பிழை; அதுதான் வலிக்கும், இருமலை வரவழைக்கும். அவரோ கழுத்தின் இருபுறமும் மூளைக்குச் செல்லும் தமனிகளை மட்டும் மென்மையாக அடைப்பார். காதுக்குள் ஓர் இரைச்சல், பார்வையின் ஓரங்களில் இருட்டு, அவ்வளவுதான். சரியாக விழுந்த பிடியில் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். வலியில்லையே என்று ஒருநாள் தட்டாமல் காத்திருந்தேன். கண் விழித்தபோது அவர் அருகில் மண்டியிட்டிருந்தார். "வலி வந்தால்தான் தட்டுவேன் என்று காத்திருக்காதே, பிடி விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் தட்டு," என்றார். அன்றைய பயிற்சி எனக்கு அத்தோடு முடிந்தது. ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லிவிட்டார்.

இதை நான் உண்மையில் உள்வாங்கியிருந்தால் அடுத்த ஆண்டு முழங்கையைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். வேறொரு பயிற்சிக் கூடத்தில் பெயர்பெற்ற ஒரு மூத்த ஆசிரியர், நான் தட்டிய பிறகும் இரண்டு நொடிகள் பிடியைத் தளர்த்தவில்லை. தாங்கும் திறன் வளர வேண்டுமாம். உள்ளே ஏதோ மெல்லக் கிழிவது போன்ற ஓர் ஒலியைக் காதால் கேட்டேனா, எலும்பால் கேட்டேனா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அடியாத மாடு பணியாது என்று சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, கையில் பட்டை சுற்றி, மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் பயிற்சிக்குச் சென்றேன். அந்த மூன்று வாரத்துக்கு விலையாக நான்கு மாதம் மெத்தையில் கால் வைக்க முடியவில்லை. அவர் செய்தது தவறு. நான் மறைத்ததும் தவறு. இரண்டையும் மன உறுதி என்றே அப்போது நம்பினேன்.

இது ஒரு கூடத்தின் கதை மட்டுமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே, 1983 இலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், பள்ளிகளில் ஜூடோ பயின்ற மாணவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அவர்களுள் விழக் கற்று முடிக்காத முதலாண்டு மாணவர்கள் பலர். மண்டையோட்டுக்குள் ஏற்பட்ட இரத்தக்கசிவு முக்கியமான காரணம். 2013 இன் தொடக்கத்தில், அந்நாட்டுத் தேசிய மகளிர் அணியைச் சேர்ந்த பதினைந்து வீராங்கனைகள் பயிற்சியின்போது தாங்கள் அடிக்கப்பட்டதாகக் கொடுத்த புகார் வெளியே தெரியவந்து, தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். உலகின் மிகத் தேர்ந்த வீராங்கனைகளுள் அடங்கிய அவர்களைவிட வலியைத் தாங்கத் தெரிந்தவர்கள் யார் இருக்க முடியும்? அவர்களே போதும் என்று சொன்னார்கள்.

தலையில் அடிபட்ட பிறகு வலி குறைவாக இருக்கலாம். குமட்டலும், பேச்சில் தடுமாற்றமும், வெளிச்சம் கூசுவதும் வந்தால் அன்று பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மிகக் கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுத்துப் போனால் அது சிதைந்த தசை சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி. மூட்டில் கூர்மையாகக் குத்தும் வலியும், உடல் முழுவதும் பரவும் அலுப்பு வலியும் வெவ்வேறு. இவற்றை எனக்கு முதல் நாளிலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

அந்த முதல் ஆசிரியரிடம் திரும்பிச் சென்றபோது ஒன்றைக் கவனித்தேன். அத்தனை ஆண்டுகளாக அது என் கண்ணில் படவில்லை. என்னை எவ்வளவு வேகமாக வீசினாலும், நான் தரையைத் தொடும் அந்தக் கணத்தில் அவருடைய இடக்கை என் வலச் சட்டைக் கையைப் பிடித்து மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டும். அதனால்தான் என் தோள் முதலில் படாமல் முதுகு முழுவதும் ஒன்றாகப் படுகிறது. தலை எழும்பி நிற்கிறது. என் சட்டையின் வலக் கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, துணி நைந்து நூல் தெரிவது அந்தப் பிடியால்தான்.

இப்போது புதியவர்கள் என்னிடம் வரும்போது, எந்தப் பிடியும் போடாமல், என் தோளில் இரண்டு முறை சத்தமாகத் தட்டச் சொல்கிறேன். பெரும்பாலோர் கூச்சத்தோடு விரல் நுனியால் தொடுவார்கள். கேட்கவில்லை, மறுபடியும் தட்டு என்பேன்.