‘அது இந்தியா விஷயம்’, ‘அது சிலோன் விஷயம்’

ஒருவழியாக ஆய்வுக் கட்டுரையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு பழைய சினிமா முதலாளி ஒருவரைப் பற்றி எழுத இனி யாராவது கிளம்பினால் என்னைப் போல் அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

நான் எடுத்துக்கொண்டது எஸ். எம். நாயகம். முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொரொந்துவ’வைத் தயாரித்த தமிழர். 1947 ஜனவரி 21ஆம் திகதி கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் அது வெளியானது. படம் பிடித்தது இங்கே அல்ல, மதுரையில், அவருடைய சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். இதெல்லாம் பலருக்கும் தெரியும். கதாநாயகி ருக்மணி தேவி 1923இல் பிறந்தது நம் இறம்பொடையில், அப்போது பெயர் டெய்சி ராசம்மா என்பது இறம்பொடையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் படிப்பிக்கிற எனக்கு இந்தத் தலைப்பைத் தவிர வேறென்ன தோன்றும்?

தலைப்புக்கு அனுமதி உடனே கிடைத்தது. பழைய பத்திரிகைகளைப் பார்க்கக் கொழும்பில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனதில்தான் எல்லாம் தொடங்கியது.

வாசகர் அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். எழுதுவினைஞர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வீட்டு இலக்கம் எங்கே? வீதிப் பெயர் எங்கே?” தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தபாற்கந்தோர், இவ்வளவுதான் எங்கள் முகவரி என்றேன். “இது முகவரி இல்லையே” என்றார். அரசாங்கம் கொடுத்த அட்டையில் அரசாங்கமே அச்சடித்த முகவரி! கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டுமாம், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டுமாம். ஹட்டனில் இரவு ரயில் ஏறி, கோட்டையில் விடியும்வரை குந்தியிருந்து வந்தவனை அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்.

சான்றிதழ் எடுத்த கதையை விடுங்கள். அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் நீட்டினால், அன்று அந்தக் கதிரையில் வேறொருவர். “இது எதற்கு? படிக்கிற நிறுவனத்தின் கடிதம் இருந்தால் போதுமே” என்று சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நிறுவனத்துக் கடிதம் முதல் நாளே என் கையில் இருந்தது. அதற்குள் அதன் திகதி பழசாகிவிட்டது, புதுக் கடிதம் கொண்டு வா என்றார்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தபாலில் பதில் அனுப்புகிறோம் என்று எந்த அலுவலகம் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அட்டை தயார், இன்ன திகதிக்கு வா என்று அவர்கள் போட்ட கடிதம் தோட்டத்து ஆபீசில் ஒரு மேசையில் கிடந்து, அந்தத் திகதி போன பிறகு என் கைக்கு வந்தது. டவுனில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் தொலைபேசி எண்ணை விண்ணப்பத்தின் மேலேயே பெரிதாக எழுதுங்கள்.

உள்ளே போன பிறகு? 1947 ஜனவரித் தாள்கள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் வாசகருக்குத் தர மாட்டார்கள். மைக்ரோபிலிமில் பார்க்கலாம், ஆனால் இயந்திரத்தை இயக்குபவர் லீவு. அப்புறம் அங்கிருந்த மேலதிகாரி ஒருவர் என் தலைப்பைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தமிழ்த் தயாரிப்பாளர், மதுரை ஸ்டூடியோ. அது இந்தியா விஷயம். அங்கே கேளுங்கள்.” சரி என்று சென்னையில் ஒரு நூலகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒற்றை வரியில் பதில் வந்தது: சிங்களப் படம் சிலோன் விஷயம், எங்களிடம் இல்லை. எங்கள் தாத்தாமார் காலத்தில் இருந்து மலையகத்தார் இரண்டு பக்கத்திலும் கேட்டுப் பழகிய பதில்தான். ஆனாலும் சுருக்கென்றது.

உண்மையில் அது இரண்டு நாட்டு விஷயம். அந்தக் கால முதலாளி என்றால் பணம் போடுபவர் மட்டுமல்ல. படப்பிடிப்புத் தளம், கமெரா, ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லாப் எல்லாம் ஒரே கூரையின் கீழ் அவர் கையில் இருக்கும். இலங்கையில் அப்போது அப்படி ஒரு கூரை கிடையாது. ஆகவே சிங்கள நாடகக்காரர்கள் கடல் தாண்டினார்கள். ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா நாடகக் குழு ‘கடவுனு பொரொந்துவ’வுக்காக மதுரைக்குப் போனது. அதே 1947இல் வந்த ‘அசோகமாலா’ என்ற சிங்களப் படம் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. 1953இல் கே. குணரத்தினம் தயாரித்த ‘சுஜாதா’வைச் சேலம் மொடர்ன் தியேட்டர்ஸில் அதன் முதலாளி டி. ஆர். சுந்தரமே இயக்கினார். எங்கள் ஆட்களைத் தேயிலைக்குக் கொண்டுவந்த தலைமன்னார் – தனுஷ்கோடிப் பாதை இருந்த காலம் அது. நாயகம் பிறகு கொழும்புக்கு அருகே கந்தானையிலேயே ஸ்டூடியோ போட்டு, 1952இல் ‘பண்டா நகரயட்ட பெமிணீம’வை இங்கேயே எடுத்தார். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கி முடித்திருந்த நேரத்தில், இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் சிங்களப் படத்துக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்பதை ஆய்வில் ஒரு பத்தியாக எழுதினேன். மேற்பார்வையாளர் வெட்டச் சொன்னார். வெட்டவில்லை.

கந்தானைக்கும் போய்ப் பார்த்தேன். வீண் அலைச்சல். ஸ்டூடியோ எங்கே என்று கேட்டால் கலியாணப் படம் எடுக்கிற கடையைக் கைகாட்டினார்கள்.

திருப்புமுனை, காப்பகத்தில் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஓர் அம்மாவால் வந்தது. “செய்தியில் தேடாதீங்க மகன், விளம்பரப் பக்கத்தைப் பாருங்க” என்றார். அதுதான் சூட்சுமம். செய்தியில் நடிகையும் மந்திரியும்தான் வருவார்கள், தயாரிப்பாளர் வரமாட்டார். ஆனால் தியேட்டர் விளம்பரம் என்பது அவர் காசு கொடுத்துப் போட்டது. எந்தத் தியேட்டரில் ஓடியது, எந்த வாரம் திரையிலிருந்து எடுத்தார்கள், எந்த ஊருக்குப் படம் போனது என்று கோத்துக்கொண்டே வந்தால் ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கை தானாகத் தெரிய வரும். ஆங்கிலப் பத்திரிகையையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்த் தாள் கிழிந்திருந்த ஒரு வாரத்துக்கு அதே விளம்பரம் ஆங்கிலத்தில் முழுசாகக் கிடைத்தபோது வாசிப்பறையில் சத்தமாகவே “ஆ!” என்றுவிட்டேன். முறைத்தார்கள், முறைக்கட்டும்.

இன்னும் சில. பேனா கொண்டுபோகாதீர்கள், பறித்து வைத்துவிடுவார்கள். பென்சில் இரண்டு போதும். நாயகம் என்ற பெயரை ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு விதமாக எழுதும், ஆகவே ஆளின் பெயரோடு கம்பனியின் பெயரையும் படத்தின் பெயரையும் வைத்துத் தேடுங்கள். 1952க்குப் பிந்தியவற்றுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டாம். அந்த ஆண்டிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் சட்டப்படி பிரதிகள் வருகின்றன, நமக்கு அதுவே கிட்ட. தமிழ்நாட்டுப் பக்கத்துக்குச் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் கேளுங்கள், அங்கே பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. கதையை முக்கால்வாசி சொல்லி ‘மிகுதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்தும் அந்த மெல்லிய புத்தகங்களின் அட்டையில்தான் தயாரிப்பாளர் பெயர் ஒழுங்காக இருக்கும்.

ஸ்டூடியோக் கணக்குப் புத்தகங்கள் எங்காவது இருக்கும் என்று மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது, நெகட்டிவ்களும் அதோடு போயின. தாளில் மிஞ்சியது பத்திரிகையும் பாட்டுப் புத்தகமும்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்து இளம் ஆசிரியை ஒருவர் அடுத்து குணரத்தினத்தைப் பற்றி எழுதப் போகிறாராம். கிராம உத்தியோகத்தர் எந்தெந்த நாட்களில் ஆபீசில் இருப்பார் என்று முதலில் விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன். சான்றிதழை யாரும் கேட்காமலும் போகலாம். இருந்தாலும் பையில் இருக்கட்டும்.