பேட்சி அங்கேயே நிற்கிறாள்

பின்னால் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் ஒரு மரக்கிளை, கிளையில் கயிறு, கயிற்றில் ஒரு மனிதன். அவனுடைய கால்விரல்கள் சேற்றில் பட்டும் படாமலும் இருக்கின்றன, கொஞ்சம் வழுக்கினாலும் கழுத்து இறுகிவிடும் என்பதால் நுனிக்காலில் தத்தித் தத்தி நின்றுகொண்டிருக்கிறான். இசை கிடையாது. பூச்சிகளின் இரைச்சலும் அவன் தொண்டையிலிருந்து வரும் சத்தமும் மட்டும்தான். சற்று நேரத்தில் குடிசைகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு பெண் பயந்துகொண்டே ஓடிவந்து தண்ணீர் கொடுத்துவிட்டு ஓடிப்போகிறாள். பெரிய வீட்டு மாடியிலிருந்து எஜமானியம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பொழுது சாய்கிறது, அவன் இன்னும் அப்படியேதான் நிற்கிறான்.

'ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்' அமெரிக்காவின் அடிமைக் காலத்தைப் பற்றி 2013-இல் வந்த படம், ஸ்டீவ் மெக்வீன் இயக்கியது. நான் இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பார்த்தபோது சவுக்கடிக் காட்சிதான் மனதில் நின்றது, இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாவது முறைதான் மேலே சொன்ன காட்சியில் அந்தக் குழந்தைகளைக் கவனித்தேன். அவர்களுக்குக் கல் நெஞ்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. அருகில் போனால் அடுத்த கயிறு யாருக்கு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு மனிதன் செத்துக்கொண்டிருப்பதற்குப் பக்கத்திலேயே அன்றாட வேலை நடந்தாக வேண்டும், அப்படித்தான் அந்த இடம் இருந்தது. மெக்வீன் அதை ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

கதை உண்மைக் கதை. சாலமன் நார்தப் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதனாகவே பிறந்தவன். அவனுடைய அப்பா மின்டஸ் ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை ஆனவர். மனைவி ஆன், மூன்று பிள்ளைகள், சாரடோகா ஸ்பிரிங்ஸ் ஊரில் வீடு, நன்றாகப் பிடில் வாசிப்பான். 1841-இல் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து, எங்களோடு வா, சர்க்கஸில் வாசி, நாளுக்கு 1 டாலர், ஒவ்வொரு இரவுக் கச்சேரிக்கும் 3 டாலர் என்கிறார்கள். ஆன் அப்போது வெளியூரில் சமையல் வேலைக்குப் போயிருந்தாள், சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று நினைத்து அவளுக்கு ஒரு கடிதம்கூட எழுதாமல் கிளம்பிவிட்டான். அந்தப் பயணம் 12 வருடம் நீண்டது.

படத்தில் வராத ஒரு விஷயம் உண்டு. அவனே பிற்பாடு எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. நியூயார்க்கைத் தாண்டுவதற்கு முன்னால், 'நீ சுதந்திர மனிதன் என்பதற்கு ஒரு பத்திரம் வாங்கி வைத்துக்கொள், அடிமைகள் இருக்கிற ஊருக்குப் போகிறோம்' என்று சொன்னதே அந்த இரண்டு பேர்தான். அவனும் வாங்கிக்கொண்டான். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர்களை யார் சந்தேகப்படுவார்கள்? வாஷிங்டனில் மயக்க மருந்து கலந்து கொடுக்கப்பட்டு, கண் விழித்தபோது கையில் விலங்கு, பையில் அந்தப் பத்திரம் இல்லை. நான் சுதந்திர மனிதன் என்று சொன்னதற்குப் பதில் அடிதான், தட்டையான மரப்பலகையால் அடித்து அது உடைந்த பிறகு கயிற்றால். அப்போது கேமரா சிறைச் சுவரின் மேலே எழும்புகிறது, தூரத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தெரிகிறது. இது இயக்குநர் சேர்த்த உருவகம் என்று நினைத்தேன். இல்லை, அந்த அடிமைக் கொட்டடியிலிருந்து நாடாளுமன்றம் தெரிந்தது என்று சாலமனே எழுதியிருக்கிறான். தலைநகரில் அடிமை வியாபாரத்துக்குத் தடை வந்ததே 1850-இல்தான்.

ஒரு ஆளைக் கடத்தி விற்பது ஏன் அவ்வளவு லாபமாக இருந்தது என்று படம் விளக்குவதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் படம் இன்னும் ஆழமாகப் புரியும் என்பதால் சொல்கிறேன். 1793-இல் பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் இயந்திரம் வந்தது. தெற்கே காடு கரை எல்லாம் பருத்தியாக மாறிக்கொண்டிருந்த நேரத்தில், 1808-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதற்குத் தடை வந்தது. வேலைக்கு ஆள் வேண்டும், கப்பலில் கொண்டுவர முடியாது, ஆகவே நாட்டுக்குள்ளேயே வாங்கி விற்க ஆரம்பித்தார்கள். வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கமிருந்து சுமார் 10 லட்சம் பேர் இப்படித் தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள். அந்தச் சந்தையில் சாலமன் ஒரு சரக்கு. நியூ ஆர்லியன்ஸில் அவனுக்கு 'பிளாட்' என்று புதுப் பெயர் வைத்தார்கள், விலை 1000 டாலர்.

அந்தச் சந்தைக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பார்த்தால் நல்ல வீட்டு வரவேற்பறை மாதிரி இருக்கிறது, ஆடையில்லாமல் நிற்கும் மனிதர்களை வாங்க வந்தவர்கள் தொட்டுப் பார்க்கிறார்கள், வாயைத் திறந்து பல் பார்க்கிறார்கள், மாட்டுச் சந்தையில் செய்கிற அத்தனையும் நடக்கிறது. எலைசா என்ற தாயிடமிருந்து மகனை ஒருவனுக்கு விற்றுவிட்டு, எலைசாவை வேறொருவனுக்கு விற்கிறார்கள், சின்னப் பெண் எமிலியைத் தரவே மாட்டேன் என்கிறான் வியாபாரி, வளர்ந்தால் அவளுக்கு இன்னும் நல்ல விலை வரும் என்பது அவன் கணக்கு. எலைசா கதறுகிறாள். அந்த அழுகை வாடிக்கையாளர்களின் காதில் விழக்கூடாது என்பதற்காகச் சாலமனைப் பிடில் வாசிக்கச் சொல்கிறான். அவன் வாசிக்கிறான். அதற்கப்புறம் படத்தில் அந்தப் பிடில் வரும்போதெல்லாம் எனக்கு எலைசாவின் குரல்தான் கேட்டது. கடைசியில் அவனே அதை உடைத்துப்போடும்போது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அவனை வாங்கிய ஃபோர்ட் நல்லவன் என்று பெயர் எடுத்தவன், பைபிள் படிக்கிறவன், சாலமனும் அவனைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் ஃபோர்டுக்குக் கடன் வந்ததும் சாலமன் கைமாறுகிறான். டிபீட்ஸ் என்ற தச்சன் அவனை வாங்குகிறான், முழுப் பணமும் கொடுக்க முடியாததால் பாக்கி 400 டாலருக்குச் சாலமன் மீதே அடமானம். பிறகு ஒரு தகராறில் டிபீட்ஸ் அவனைத் தூக்கில் போடக் கயிற்றோடு வரும்போது கங்காணி துப்பாக்கியை நீட்டித் தடுக்கிறான். அவன் சொல்லும் காரணம்: பிளாட் மீது ஃபோர்டுக்கு அடமானம் இருக்கிறது, தூக்கில் போட்டால் அந்தக் கடன் போய்விடும். அவன் உயிரைக் காப்பாற்றியது அந்த 400 டாலர் பாக்கி. தடுத்த கங்காணிகூட, ஃபோர்ட் வரும்வரை கயிற்றை அவிழ்க்கவில்லை. முதலில் சொன்ன காட்சி அதுதான். (புத்தகத்தில் அவனைக் கிளையில் ஏற்றுவதற்கு முன்பே தடுத்துவிடுகிறார்கள், கழுத்தில் கயிறோடு கட்டப்பட்டபடி நாள் முழுக்க வெயிலில் நிற்கிறான். நுனிக்காலில் நிற்பது படம் சேர்த்தது. எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை.)

அப்புறம் 1843-இல் எட்வின் எப்ஸ் கைக்குப் போகிறான். லூசியானாவில் பேயூ பெஃப் என்ற ஓடைப் பக்கம் பருத்தித் தோட்டம். சாலமன் 10 வருடம் அங்கேதான் கிடந்தான், பேட்சி என்ற அடிமைப் பெண்ணை அங்கேதான் பார்க்கிறோம்.

சாதாரணமாக ஒரு ஆள் ஒரு நாளைக்கு 200 பவுண்டு பருத்தி எடுக்க வேண்டும், அதாவது சுமார் 90 கிலோ. பேட்சி 500 பவுண்டு எடுப்பாள். கிட்டத்தட்ட 227 கிலோ! எங்கள் ஊர்ப் பக்கம் கரிசல் காட்டில் மடி கட்டிப் பருத்தி எடுத்தவர்களுக்கு இந்த எண்ணைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பஞ்சுக்கு எடையே கிடையாது, வெடித்த காயின் ஓட்டு நுனி விரலைக் கீறிக்கொண்டே இருக்கும், முதுகு மதியத்துக்குள் விட்டுப்போகும். சாலமன் முதல் நாள் எடுத்தது 95 பவுண்டுதான், அதற்குமேல் அவனுக்குக் கை வரவில்லை.

இந்த நிறுவையைப் பற்றிப் புத்தகம் சொல்வதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது. புதிதாக வந்தவனை முதல் நாள் சவுக்கால் விரட்டி விரட்டி எடுக்க வைத்து இரவில் நிறுப்பார்கள். அதுதான் அவன் கணக்கு. மறுநாளிலிருந்து அந்த எடை குறைந்தால் அடி. ஒரு நாள் பத்து இருபது பவுண்டு கூடிவிட்டால், சந்தோஷப்பட முடியாது, நாளையிலிருந்து அதுதான் புதுக் கணக்கு. அதனால் இருட்டியபிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு எடை போடும் கொட்டகைக்கு நடக்கும்போது, குறைந்தாலும் பயம், கூடினாலும் பயம். படத்தில் எப்ஸ் ஒவ்வொருவர் எடையையும் சொல்லக் கேட்டு நிற்கும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பேட்சியின் எடையைக் கேட்டதும் அவன் அவளைப் பெருமையாகத் தட்டிக்கொடுப்பான். எப்ஸாக நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டர் அந்த இடத்தில் சிரிப்பதைப் பார்க்கவே முடியவில்லை.

ஏனென்றால் அந்தப் பெருமையே அவளுக்குப் பொறி. தோட்டத்திலேயே அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறவள், ஆகவே விற்க மாட்டான். இரவில் அவளை அவன் விடுவதில்லை, ஆகவே மனைவிக்கு அவள்மேல் வெறுப்பு, கண்ணாடிக் குப்பியைத் தூக்கி முகத்தில் எறிகிற அளவு வெறுப்பு. வீட்டுக்காரிக்குப் பயந்து வயலுக்கு ஓட முடியாது, வயலுக்குப் பயந்து வீட்டுக்கும் வர முடியாது. படத்தில் ஒரு இரவு பேட்சி சாலமனிடம் வந்து தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்சுகிறாள். இங்கே எனக்குப் படத்தோடு சண்டை உண்டு. புத்தகத்தில் பேட்சியைக் கொன்று புதைத்துவிடச் சொல்லிச் சாலமனுக்கு லஞ்சம் காட்டுவது எஜமானி, அதுவும் ஒருமுறை அல்ல. படம் அந்த ஆசையை எடுத்துப் பேட்சியின் வாயிலேயே போட்டுவிட்டது. லுபிட்டா நியோங்கோ அதை நெஞ்சு உடைகிற மாதிரி நடித்திருக்கிறார், மறுக்கவில்லை, அவருக்கு இதுதான் முதல் முழுநீளப் படம், ஆஸ்கரும் கிடைத்தது. ஆனாலும் அந்த வீட்டு அம்மாளின் குற்றத்தை அப்படியே காட்டியிருக்க வேண்டும்.

சோப்புக் காட்சியைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. எஜமானி குளிக்கச் சோப்பு தரவில்லை, பேட்சி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் ஒரு சோப்புத் துண்டு வாங்கி வருகிறாள், அவ்வளவுதான் அவள் செய்தது. அதற்குக் கம்பத்தில் கட்டிச் சவுக்கைச் சாலமன் கையில் கொடுக்கிறான் எப்ஸ். பல நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். வெட்டு இருந்தால் நமக்கும் ஒரு மூச்சு கிடைத்திருக்கும், அதைத் தர மாட்டேன் என்கிறார் மெக்வீன். முடிவில் அவள் கையிலிருந்து அந்தச் சோப்புத் துண்டு மண்ணில் விழுகிறது.

படம் விட்டுவிட்ட இன்னொன்று. எப்ஸ் பிற்பாடு சாலமனையே மற்ற அடிமைகளுக்குக் கங்காணியாக்கி, சவுக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வயலில் நிற்க வைத்தான். அடிக்காவிட்டால் அவனுக்கு அடி. ஆகவே சவுக்கின் நுனி முதுகுக்கு மயிரிழை தள்ளிப் போகிற மாதிரி வீசப் பழகிக்கொண்டான், எப்ஸ் பார்க்கும்போது அவர்கள் துடிப்பதுபோல் கத்துவார்கள். எத்தனை வருடம் இப்படி! இதை எடுத்திருந்தால் எவ்வளவு பெரிய காட்சியாக வந்திருக்கும் என்று இன்னமும் ஆதங்கமாக இருக்கிறது.

விடுதலை வந்தது ஒரு கடிதத்தால். கனடாவிலிருந்து வந்த தச்சன் சாமுவேல் பாஸ் 1852-இல் சாரடோகாவுக்கு எழுதிப்போட்டான். பிராட் பிட் நடித்த பாத்திரம். தேவதூதன் மாதிரி வந்து சரியான வசனமெல்லாம் பேசுகிறாரே என்று எனக்கும் உறுத்தியது, ஆனால் அந்த மனிதன் நிஜமாகவே இருந்தான், அப்படித்தான் பேசினான் என்கிறது புத்தகம். கடிதத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. கடத்தி விற்கப்பட்ட தன் குடிமக்களை மீட்க ஆளுநர் ஆள் அனுப்பலாம் என்று நியூயார்க் 1840-இல் கொண்டுவந்த சட்டம். அதன்படி வந்தவன் ஹென்றி நார்தப் என்ற வக்கீல். மின்டஸை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் உறவுக்காரன் அவன், சாலமனின் நார்தப் என்ற பெயரும் அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான்.

வீடு வந்து சேர்ந்தபோது மகள் மார்கரெட்டுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. போனபோது அவளுக்கு ஏழு வயது, இப்போது கையில் பிள்ளை, பிள்ளைக்குச் சாலமன் என்று பெயர் வைத்திருந்தாள். கடத்தியவர்கள் யாருக்கும் கடைசிவரை தண்டனை இல்லை, வாஷிங்டன் நீதிமன்றத்தில் கறுப்பன் என்பதால் வெள்ளைக்காரனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவே அவனை விடவில்லை.

ஆனால் எனக்கு அந்த வீட்டு வாசல் காட்சி அழுகையைத் தரவில்லை, அதற்கு முன்னால் வண்டி கிளம்புகிற இடம்தான் தந்தது. 1853 ஜனவரி, குளிரில் விரல் மரத்துப்போய் யாராலும் வேகமாகப் பருத்தி எடுக்க முடியவில்லை, எப்ஸ் திட்டிவிட்டுச் சவுக்கை எடுத்துவரப் போயிருக்கிறான், அந்த நேரத்தில்தான் மீட்க வந்தவர்கள் வயலில் இறங்குகிறார்கள் என்று சாலமன் எழுதுகிறான். புறப்படும்போது பேட்சி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். எத்தனையோ அடியிலிருந்து என்னைக் காப்பாற்றினாய், நீ போவது சந்தோஷம், ஆனால் நான் என்ன ஆவேன் என்று கேட்கிறாள். அவளைத் தேடி வர எந்த மாநிலத்திலும் சட்டம் இல்லை, அவள் பெயருக்கு எந்தப் பத்திரமும் இல்லை. படத்தில் வண்டி நகர, சாலமனின் முகம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் மங்கலாக அவள் சரிந்து விழுகிறாள். அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

அன்று இரவும் பருத்தியை எடை போட்டிருப்பார்கள்.