இரண்டரை மணி நேரம்

26.12.2004, ஞாயிறு
டிவியில் மெரினா. கார்கள் மிதக்கின்றன. சுமத்ராவில் பூகம்பமாம். சென்னையில்தானே என்று உளுந்து ஊறப்போட்டேன். மதியம்தான் நாகப்பட்டினம், அக்காவும் மாமாவும் போயிருக்கும் வேளாங்கண்ணி என்று கீழே எழுத்து ஓடியது.

27.12
மாமா செல்லுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. லாட்ஜ் நம்பரில் மணியே போகவில்லை. தம்பி பஸ் ஏறிவிட்டான்.

28.12
அக்கா வீட்டு வாசலில் பால் பாக்கெட். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்துவந்து காய்ச்சி உறை ஊற்றுகிறேன். குடிக்கத்தான் ஆளில்லை.

29.12
மாமா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். கால் முறிவு. பூசைக்கு அவர் கோயிலுக்குள் போக, அக்கா கால் நனைத்துவிட்டு வருகிறேன் என்று கடலுக்குப் போயிருக்கிறாள். தேடப் போனவரையும் தண்ணீர் அடித்திருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரிக்காரிக்குத் தண்ணீர் என்றால் குடமும் லாரியும்தான், கடலைப் பார்த்தால் விடுவாளா? கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, மாதா அற்புதம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எரிகிறது.
அடையாளம் தெரியாதவர்களைப் போட்டோ எடுத்துவிட்டுப் புதைக்கிறார்களாம். முகத்தைப் பார்க்காதே, இடது மணிக்கட்டைப் பார், குக்கர் சுட்ட தழும்பு இருக்கும் என்றேன் தம்பியிடம்.

30.12
மறுபடி அலை வரும் என்று டெல்லி எச்சரித்து, கடலோரமெல்லாம் ஓட்டம். தம்பி மூச்சிரைக்கப் பேசினான். ஒன்றும் வரவில்லை. வந்த அன்று ஒருத்தரும் சொல்லவில்லையே! காலை ஆறரைக்கு அங்கே ஆடியிருக்கிறது, இங்கே அலை வர ஒன்பது ஆகியிருக்கிறது. அதற்குள் பஸ்ஸில் தஞ்சாவூரே போயிருக்கலாம். காப்பி குடித்துவிட்டு, சாவகாசமாக.

1.1.2005
தழும்பு இல்லை.

9.1
மாமா வந்துவிட்டார். மாவுக்கட்டு. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறார்.

14.1
பொங்கல் வைக்கவில்லை.

21.1
வக்கீல் குமாஸ்தா வந்தார். காணாமல் போனவரை இறந்தவராக எடுத்துக்கொள்ள சட்டப்படி 7 வருஷம் ஆகுமாம், சுனாமிக்குத் தளர்த்துவார்களாம், மனு எழுதிக்கொண்டே வந்திருந்தார். மாமா பேனாவைத் தொடவில்லை. “கையெழுத்துப் போட்டா நானே புதைச்ச மாதிரி ஆயிடும்மா.” குமாஸ்தா பாவம், மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆறரை. ஒன்பது. ராத்திரியெல்லாம் இதே கணக்கு.

28.3, திங்கள்
சுமத்ராவில் மறுபடி. ராத்திரி 9.40 சுமாருக்கு. நாகையில் ஜனங்களைக் கிளப்பிவிட்டார்களாம். மாமா கடிகாரத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டேகாலும் ஆனது. அலை வரவில்லை.
“இப்ப மட்டும் எப்படிம்மா சொன்னாங்க?”
டிவியை அணைக்க விடமாட்டேன் என்கிறார்.