ஏழு மணிக் கூட்டத்துக்குப் போகிற வழி

குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற குழுதான் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதன் கூட்டங்கள் பெரும்பாலும் மாலை ஆறரை, ஏழு மணி வாக்கில்தான் நடக்கும். வேலை முடிந்து கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்புகிற அதே நேரம். அதனால் கூட்டத்தைத் தேடும்போதே வழியையும் சேர்த்துத் தேட வேண்டும். வழக்கமான கடை கண்ணில் படாத பஸ் ஸ்டாப் எது, அங்கிருந்து எந்தத் தெருவில் திரும்பலாம் என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பையில் பஸ் காசு போதும். சம்பள நாளென்றால் கார்டையும் வீட்டிலேயே வைத்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்கிற நிலையில் இருப்பவர் 'இன்றோடு விட்டேன்' என்று சட்டென நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, கடும் காய்ச்சல் எல்லாம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால் குடிக்குப் பதில் மாத்திரை கொடுத்து, அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூட்டத்தில் மருந்தும் கிடையாது, டாக்டரும் கிடையாது. இன்னொன்று, குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கச் சொல்லி விற்கிற மாத்திரைப் பக்கம் போகவே போகாதீர்கள். மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடலாம்.

கூட்டம் எங்கே நடக்கிறது? போதை மறுவாழ்வு உதவிக்கான தேசிய இலவச எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ், 14416. ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கும். மறுவாழ்வு மையக் கவுன்சிலரைக் கேட்டாலும் பக்கத்தில் உள்ள குழுக்களைச் சொல்வார். ஆனால் பட்டியலில் கண்ட முகவரியை நம்பி நேரே கிளம்பிவிடாதீர்கள். குழுக்களுக்குப் பெரும்பாலும் சொந்த இடம் கிடையாது. சர்ச் வளாகத்து அறை, பள்ளி வகுப்பறை, சமூகக் கூடம் என்று கேட்டு வாங்கிய இடங்கள்தான். பரீட்சை வந்தால் வகுப்பறை கிடைக்காது, திருவிழா வந்தால் அறை மாறும். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் மறுபடி வருவது அபூர்வம். அன்று மதியமே போன் செய்து, "இன்னைக்கு மீட்டிங் உண்டா, எந்தக் கதவு?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கூடவே, ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா என்றும் கேட்டுவிடுங்கள். ஓப்பன் என்றால் வீட்டாரும் வரலாம், க்ளோஸ்டு என்றால் குடியை விட நினைக்கிறவர்களுக்கு மட்டும். கணவரைக் கையோடு அழைத்து வந்த மனைவியை உள்ளே விட மாட்டார்கள், அவர் கிளம்பினால் பின்னாலேயே கணவரும் கிளம்பிவிடுவார்.

உள்ளே என்ன நடக்கும்? வாசலில் செருப்பு, வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி, ஓரத்தில் டீ. பிரார்த்தனையும் வாசிப்பும் முடிந்ததும் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார்கள், மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிட்டுப் புத்தி சொல்வதில்லை. நம் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. முறை வரும்போது "இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். ஊர், வேலை, முழுப்பெயர் எதுவும் சொல்ல வேண்டாம். கட்டணமும் இல்லை. கடைசியில் பை சுற்றி வரும், அது வாடகைக்கும் டீக்கும். புதிதாக வந்தவர் போடாமல் அடுத்தவர் கையில் கொடுத்துவிடலாம். குடித்துவிட்டுப் போய்விட்டாலும், சத்தம் போடாமல் இருந்தால் பொதுவாக உட்கார்ந்து கேட்க விடுவார்கள். பேச மட்டும் வேண்டாம் என்பார்கள்.

'சாமிப் பேச்சா இருக்கு, நமக்கு ஒத்து வராது' என்று முதல் நாளே முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறைய. கூட்டத்தில் வரும் 'கடவுள்' அவரவர் புரிந்துகொண்டபடிதான், சேர மதம் எதுவும் கேட்பதில்லை. குழுவுக்குக் குழு குணமும் மாறும், ஆகவே குறைந்தது மூன்று வெவ்வேறு குழுக்களையாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பது பழைய உறுப்பினர்கள் சொல்லும் கணக்கு. சின்ன ஊர்களில் அத்தனை கூட்டம் கிடைக்காது. இடைநாட்களை ஜூம் கூட்டங்களால் நிரப்பலாம். நுழையும் முன் திரையில் காட்டும் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். ஆபீஸ் கணக்கில் நுழைந்தால் முழுப்பெயரும் அங்கே தெரியும். பெண்களுக்கு நேரடிக் குழு பக்கத்தில் இல்லாவிட்டால் ஆன்லைன் பெண்கள் கூட்டம் உதவும்.

முதல் கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் பத்து நிமிடம் நின்று, இரண்டு மூன்று பேரிடம் போன் நம்பர் வாங்குங்கள். ஆண் என்றால் ஆண்களிடம், பெண் என்றால் பெண்களிடம். போன் செய்ய வேண்டியது குடிப்பதற்கு முன். குடித்த பிறகு செய்தால் எதிரில் இருப்பவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. வெறும் வயிறு, கோபம், தனிமை, அசதி, இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்துவிட்டாலே போனை எடுத்துவிடுங்கள். பணம் மட்டும் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கடன் கொடுத்தவர் உட்கார்ந்திருக்கிற அறைக்கு வாங்கியவர் திரும்ப வர மாட்டார்.

வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது. குடிப்பவர் ஏ.ஏ.வுக்கு வராவிட்டாலும் மனைவியோ அம்மாவோ அங்கே போகலாம். இரண்டு கூட்டமும் ஒரே மாலையில் வந்தால், பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.