சம்பந்திக்கு அங்கேயும் ஒரு சொல் இருக்கிறது

வீட்டுக்கார அம்மாவின் பேத்திக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று மதியம், கையில் பான்சித் நூடுல்ஸ் தட்டோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரு பெண்மணியைக் கையோடு இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தி, "பாலாயே கோ" என்றார். 'கோ' என்றால் 'என்னுடைய' என்பது தெரியும். பாலாயே தெரியாது. கேட்டேன். என் மகளுடைய மாமியார், அதாவது மருமகனுடைய அம்மா என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வாக்கியமாகச் சொன்னார். ஆங்கிலத்தில் அதற்கு ஒற்றைச் சொல் கிடையாதே. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சம்பந்தி! எங்கள் ஊரிலும் இதற்கு ஒரே ஒரு சொல்தான் என்று அவர்கள் இருவரிடமும் சொன்னேன், அவர்களும் 'சம்பந்தி, சம்பந்தி' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

பிலிப்பைன்ஸில் லகுனா மாகாணம், மகிலிங் மலையடிவாரத்தில் லோஸ் பான்யோஸ் என்ற ஊர். 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தவர், அதனால் தமிழர்கள் அந்த ஊருக்குப் புதிதல்ல. நானும் வேலை விஷயமாகப் போய் இரண்டு வருஷம் இருந்தேன். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். ஆனால் நான் வாடகைக்கு இருந்தது ஒரு குடும்பத்தின் மாடியறை, கீழே நாலு தலைமுறை, அவர்கள் வீட்டுக்குள் பேசுவது முழுக்க தகாலோக். யார் யாரை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று புரியாமல் ஒரு வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? அதனால் நான் அந்த மொழியை உறவுமுறையிலிருந்துதான் தொடங்கினேன்.

முதலில் தடுக்கியது 'அமா'. அமா என்றால் அப்பா. அம்மாவுக்கு 'இனா'. தமிழ்க் காதுக்கு இது பழகப் பல வாரம் ஆகும். கூப்பிடும்போது பெரும்பாலும் தாத்தாய், நானாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தாத்தாய் என்பவர் அப்பா, தாத்தா அல்ல, அது இன்னொரு குழப்பம்.

அப்புறம் ஆண், பெண் விஷயம். 'அனாக்' என்றால் பிள்ளை, மகனா மகளா என்பது அந்தச் சொல்லில் இல்லை. 'அசாவா' கணவனும்தான், மனைவியும்தான். 'பியெனான்' மாமனாரும் மாமியாரும், 'மனுகாங்' மருமகனும் மருமகளும், 'பமாங்கின்' அண்ணன் தம்பி அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள் எல்லாரும். அவன், அவள் என்ற பிரிவும் கிடையாது, இருவருக்கும் 'சியா'. உடன்பிறந்தவருக்குக் 'கபத்தித்'. 'பத்தித்' என்றால் அறுபட்டது, ஒரே கொடியிலிருந்து அறுபட்டு வந்தவர்கள்தான் கபத்தித் என்று வீட்டுக்கார அம்மா விரலால் தொப்புளைத் தொட்டுக் காட்டி விளக்கினார். மொழியறிஞர்கள் என்ன சொல்வார்களோ, எனக்கு அந்த விளக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாமும் உடன்பிறப்பு என்கிறோம், சகோதரன் என்பதற்கும் ஒரே வயிற்றில் இருந்தவன் என்றுதானே பொருள்.

ஆணா பெண்ணா என்பதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் மூத்தவரா இளையவரா என்பதை விடவே மாட்டார்கள். தலைச்சன் பிள்ளை 'பங்கானாய்', கடைக்குட்டி 'புன்சோ'. அண்ணன் 'கூயா', அக்கா 'ஆத்தே'. சில வீடுகளில் இன்னும் நுணுக்கமாக, இரண்டாவது அக்கா 'டித்சே', மூன்றாவது அக்கா 'சான்சே', இரண்டாவது அண்ணன் 'டிக்கோ', மூன்றாவது அண்ணன் 'சாங்கோ' என்று வரிசை போகிறது. கூயா, ஆத்தே உட்பட இவை எல்லாமே ஹொக்கியன் சீன மொழியிலிருந்து, வியாபாரம் செய்ய வந்து அங்கேயே குடும்பமாகிப்போனவர்கள் வழியாக வந்த சொற்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா இரண்டாவது பெண். அறுபதைத் தாண்டியவர், பேரன் பேத்தி எடுத்தவர், ஆனாலும் ஐம்பது வயதுத் தம்பி வாசலில் நின்று "டித்சே!" என்று குரல் கொடுத்தால் அவர் முகத்தில் சின்னப் பெண் ஒருத்தி வந்துபோவாள். நம் வீட்டில் 'சின்னக்கா' என்று கூப்பிட்டால் வரும் அதே முகம்.

பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாரும் அங்கே 'தீத்தா', ஆண்கள் 'தீத்தோ'. இது ஸ்பானிஷ் வழி. தாத்தா பாட்டிக்கு 'லோலோ', 'லோலா', அதுவும் அப்படியே. முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆட்சி செய்தவர்கள் இவ்வளவாவது விட்டுப் போகாமலா இருப்பார்கள். ஆனால் பேரப்பிள்ளைக்கு 'அப்போ' என்று சொந்தச் சொல்லே நின்றுவிட்டது. கொள்ளுப்பேரனுக்கு 'அப்போ சா துஹோத்', அதாவது முழங்காலின் பேரன். எள்ளுப்பேரனுக்கு 'அப்போ சா தலம்பாக்கான்', உள்ளங்காலின் பேரன். ஒவ்வொரு தலைமுறைக்கும் உடம்பில் ஒரு படி கீழே இறங்குகிறார்கள், நாம் கொள்ளு, எள்ளு என்று இறங்குவதைப்போல. அந்த வீட்டின் மூத்த லோலாவுக்குத் தொண்ணூறு வயதிருக்கும். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை அவருக்கு முழங்காலின் பேத்தி. அன்றைக்கு அதை அவர் மடியில், சரியாக முழங்காலின் மேல்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'மாக்' என்ற சின்ன முன்னொட்டு. 'மாக்-இனா' என்றால் தாயும் பிள்ளையும். 'மாக்-அமா' தகப்பனும் பிள்ளையும். 'மாக்-அசாவா' கணவன் மனைவி. 'மாக்லோலா' பாட்டியும் பேரப்பிள்ளையும். மூத்தவர் பேரைச் சொன்னால் போதும், இளையவர் அதற்குள் தானாக வந்துவிடுகிறார். சந்தையில் ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன் வாங்கினால், "அந்தப் பெண்ணும் அவள் குழந்தையும்" என்று இரண்டு பேராக எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை, மாக்-இனா என்ற ஒரே சொல்லில் இருவரும் வந்துவிடுவார்கள். உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர் என்றால் 'மாக்கபத்தித்', மூன்றோ அதற்கு மேலோ என்றால் 'மாக்ககபத்தித்', நடுவில் ஓர் எழுத்து கூடுகிறது. இதைப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்யப் பார்த்து எனக்கு நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை இரண்டிரண்டு பேராகப் பார்த்து மனதுக்குள் பெயர் சொல்லிப் பழகியபோது ஒரே வாரத்தில் வந்துவிட்டது. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றுதான், தாளை விட்டுவிட்டு மேசையைப் பாருங்கள்.

வெளியே வந்தாலும் இதே உறவுச் சொற்கள்தான். பக்கத்து ஊரான கலாம்பாவுக்குப் போகும் ஜீப்னி வண்டியில் சில்லறையை முன்னே இருப்பவரிடம் நீட்டி "பாயாத் போ" என்றால், கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போய்ச் சேரும், நம் டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக் காசு போவதைப்போல. ஓட்டுநர் கூயா, கடைக்காரப் பெண் ஆத்தே. அந்தப் 'போ' இருக்கிறதே, அது நம் 'ங்க'. 'ஓஓ' என்றால் ஆமாம், 'ஓப்போ' என்றால் ஆமாங்க. பெரியவர்களிடம் 'போ' இல்லாமல் பேசினால் பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறார்கள் பார் என்பார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் லோலாவிடம் போய் "மானோ போ" என்று சொல்லி, அவர் நீட்டும் கையின் பின்புறத்தை என் நெற்றியில் வைத்துக்கொள்வேன். காய்ந்த காகிதம்போல மெல்லிய தோல், எலும்பு தெரியும் கை. காலில் விழுந்து வணங்கி வளர்ந்தவனுக்கு அதில் பழக வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் இரண்டு மொழியும் சேரவே இல்லை. 'பின்சான்'. பெரியப்பா பிள்ளை, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லாமே பின்சான், முதல் சுற்று என்றால் 'பின்சாங் புவோ', முழு பின்சான். சித்தப்பா மகள் எனக்குத் தங்கை, மாமன் மகள் முறைப்பெண், எங்கள் பக்கம் கல்யாணம்கூடச் செய்யலாம் என்று ஒரு நாள் தாளில் படம் போட்டு விளக்கினேன். வீட்டுக்கார அம்மா திடுக்கிட்டுப் போனார். அங்கே அது சட்டப்படியே செல்லாது, 1987-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் அவ்வளவு நெருங்கிய இரத்த உறவில் கல்யாணத்தை ஏற்பதில்லை. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்படியானால் கூப்பிடும் சொல்லிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடுமா, யார் தங்கை, யார் தங்கை இல்லை என்று?" எனக் கேட்டார். ஓப்போ என்றேன். பத்து நிமிஷத்தில் விஷயத்தின் உயிர்நாடியைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது.

எங்கள் வீட்டுப் பக்கம் இல்லாதது அவர்களிடம் இருப்பது, ஞானஸ்நானத்தில் பிறக்கும் உறவு. அன்றைக்குக் குழந்தைக்கு 'நினோங்', 'நினாங்' என்று ஞானப்பெற்றோர் பத்துப் பேருக்கு மேல். அவர்களுக்குக் குழந்தை 'இனாஅனாக்', பிள்ளையாக ஆக்கிக்கொண்டது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது 'கினாகபத்தித்', உடன்பிறப்பாக ஆக்கிக்கொண்டது. குழந்தையின் அப்பாவும் நினோங்கும் ஒருவருக்கொருவர் 'கும்பாரே'. சொந்தத்தில் இல்லாதவரை இப்படிக் கைபிடித்து உள்ளே கூட்டிவரும் சொற்களைக் கேட்டபோது எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

ஊர் திரும்பி ஒரு வருஷமாகிறது. போன வாரம் என் மச்சினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மனைவியின் சகோதரி கணவருக்கும் அவர்களிடம் தனிச் சொல் உண்டு, 'பிலாஸ்'. நம் சகலை, நம் ஓரகத்தி, இரண்டுமே அதில் அடக்கம். எனக்கு ஒரு பிலாஸ் வரப்போகிறார் என்று வீட்டுக்கார அம்மாவுக்குத் தகாலோகில் செய்தி அனுப்பினேன். வாழ்த்துக்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி, மச்சினி கடைக்குட்டியா என்று: "புன்சோ பா?"

ஓப்போ, தீத்தா. புன்சோதான்.