வாலில் கட்டிய கொம்பு

2004இல் கோயம்புத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த மல்டிமீடியா வேலையை விட்டுவிட்டு, ஃபிளாஷ் வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். இணையப் பக்கத்தில் அசையும் படமும் ஒலியும் விளையாட்டும் சேர்க்க அன்று பயன்பட்ட மென்பொருள்தான் ஃபிளாஷ். ஃப்ரீலான்ஸ் என்றால் என்னவென்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அம்மா பக்கத்து வீட்டில், "பையன் வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல பொம்மைப் படம் போடறான்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். அதை என்னால் பெரிதாக மறுக்கவும் முடியாது.

அப்போது ஃபிளாஷுக்கு நல்ல காலம். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் மூன்று விஷயம் கேட்பார். முகப்பில் லோகோ சுழன்று வரவேண்டும், பின்னால் இசை ஓடவேண்டும், கேட்டலாக் நிஜப் புத்தகம் மாதிரி பக்கம் புரளவேண்டும். அந்தப் பக்கம் புரட்டலை மட்டும் எத்தனை முறை செய்தேன் என்று கணக்கில்லை. மோட்டார் பம்பு, நூற்பாலை, நகைக்கடை எல்லாம் என் கையில் பக்கம் பக்கமாகப் புரண்டிருக்கின்றன. நிலையான வருமானம் தந்தது மின்வழிப் பாடங்கள்தான். வெளிநாட்டுக்காரருக்காக யாரோ எழுதிய பாடத்தை ஸ்லைடு ஸ்லைடாக அசைய வைத்து, மின்வழிப் பாடங்களுக்கான பொதுத் தரமான ஸ்கார்ம் முறைப்படி பொட்டலம் கட்டிக் கொடுப்பது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அரிசி வாங்க உதவியது.

மென்பொருளை நான் எங்கே வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் தெருவோரக் கடையில் வாங்கிய சிடிதான். முறைப்படி வாங்குவதென்றால் பல மாத வருமானத்தை அப்படியே எடுத்து வைக்கவேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் பில் போட்டுக் காசு வாங்கும்போதெல்லாம் உள்ளே ஒரு நெருடல் இருந்துகொண்டேதான் இருந்தது.

அந்த நெருடலிலிருந்து வெளியே வர வழி காட்டியது எம்டாஸ்க். பிரான்சில் மோஷன்-ட்வின் என்ற விளையாட்டு நிறுவனத்தில் இருந்த நிக்கோலா கன்னாஸ், ஓகேமல் மொழியில் எழுதிய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 கம்பைலர் அது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்பது ஃபிளாஷின் நிரல் மொழி, அதில் எழுதியதை ஃபிளாஷ் ஓட்டும் கோப்பாக மாற்றுவது கம்பைலர். எம்டாஸ்க் திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். காசு கிடையாது. ஃபிளாஷுக்குள்ளேயே இருந்த கம்பைலரிடம் பெரிய புராஜெக்டைக் கொடுத்தால், டீ குடித்துவிட்டு வரலாம். எம்டாஸ்க்கில் என்டர் தட்டிக் கையை எடுப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். முதல் தடவை ஓட்டியபோது எங்கேயோ தவறிவிட்டது என்று நினைத்துத் திரும்ப ஓட்டினேன். படங்களையும் எழுத்துருக்களையும் கட்டிச் சேர்க்க எஸ்டபிள்யூஎஃப்-மில், நிரல் எழுத ஃபிளாஷ்டெவலப் என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 2007இல் ஃபிளாஷின் உரிமையாளரான அடோபி, கம்பைலரும் அடங்கிய தன் ஃப்ளெக்ஸ் எஸ்டிகேயைத் திறந்த மூலமாக்கப் போவதாக அறிவித்தது. அதன்பின் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 வேலையையும் காசு கொடுக்காமலே, கள்ளத்தனமும் இல்லாமல் செய்ய முடிந்தது. அசைவூட்டம் வரைய மட்டும் அசல் ஃபிளாஷ் வேண்டியிருந்தது. ஒரு பெரிய பில் வந்த மாதத்தில் அதையும் வாங்கினேன்.

இதெல்லாம் நான் எடுத்துக்கொண்டது. கொடுத்தது என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு தமிழாசிரியர் திட்டியதால்.

2006இல் ஒரு பதிப்பகத்துக்காகக் குழந்தைகளுக்கான தமிழ் சிடி செய்தேன். படத்தை இழுத்துச் சொல்லின்மேல் வைத்தால் மணி அடிக்கும். சொற்கள் எல்லாம், உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு குறியாக்கத்தில் தட்டப்பட்டு எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்தன. அதே கோப்பைத் தங்கள் இணையதளத்துக்கும் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். சிடி போகப்போவது பள்ளிக்கூடங்களுக்கு. அங்கே பாதிக் கணினிகளில் விண்டோஸ் 98, தமிழ் எழுத்துருவே கிடையாது. ஆகவே எழுத்துருவைச் சிடிக்குள்ளேயே பொதிந்து கொடுத்தாக வேண்டும். பொதிந்தேன், ஓட்டினேன், எழுத்து வந்தது. எனக்கு நன்றாகவே தெரிந்தது. நாள் முழுக்க நிரலையே பார்க்கிறவன் கண்ணுக்குத் தன் திரை எப்போதும் நன்றாகத்தான் தெரியும்.

மெய்ப்புப் பார்க்க ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். யானை படம். கீழே 'யா' சரி. அடுத்து ன வந்து, அதற்குப் பின்னால் இணைக்கொம்பு நின்றுகொண்டிருந்தது.

"மாட்டுக்குக் கொம்பு தலையிலதானுங்க தம்பி முளைக்கும்? நீங்க வால்ல கட்டி உட்டிருக்கீங்க" என்றார்.

அப்புறம்தான் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். கோழியில் க தனியாக நிற்க, இரட்டைக் கொம்பும் துணைக்காலும் ஒன்றாக அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. குருவியில் க-வுக்குப் பக்கத்தில் ஒரு சுழி அநாதையாகக் கிடந்தது.

காரணம் எளிது. யூனிகோடில் எழுத்துகள் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. 'கெ' என்றால் முதலில் க, அடுத்து கொம்பு. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது, காட்டும் மென்பொருளின் வேலை. அன்றைய ஃபிளாஷ் பிளேயர், உள்ளே பொதித்த எழுத்துரு என்றால் அந்த வேலையைச் செய்யாது. வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

நல்லவேளையாகத் தமிழ்நாட்டில் இதற்குப் பழைய மருந்து ஒன்று இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு அறிவித்த டாம், டாப் குறியாக்கங்கள். அவற்றில் எழுத்துகள் கண்ணால் பார்க்கும் வரிசையிலேயே இருக்கும். கொம்பு முன்னால், மெய் பின்னால். கு, கூ போன்றவற்றுக்குத் தனித்தனி வடிவமே உண்டு. அப்படியானால் யூனிகோடை எடுத்து டாப் ஆக்கிவிட்டு, டாப் எழுத்துருவைப் பொதித்தால் போதும். ஃபிளாஷ் தன் மந்த புத்தியோடு வரிசையாக வரைந்தாலும் சரியாக வந்துவிடும்.

ஒரே இரவில் அறுபது சொச்சம் வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். கொம்பு மூன்றையும் மெய்க்கு முன்னால் தள்ளு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வந்தால் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை முன்னாலும் ஒரு பாதியைப் பின்னாலும் வை. உகர ஊகாரங்களுக்கு ஒரு அட்டவணை. டி, டீ இரண்டுக்கும் தனி வழி. காலையில் யானைக்குக் கொம்பு சரியான இடத்துக்கு வந்திருந்தது. ஆசிரியர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போனார். அவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

அந்த ஃபங்ஷனை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எம்ஐடி உரிமத்தில், திறந்த மூல நிரல்களை வைக்கும் கூகுள் கோட் தளத்தில் போட்டேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. இத்தனை பேர் கருவியை ஓசியில் வாங்கிவிட்டோமே என்ற கூச்சம் பாதி, யாராவது பிழை பார்த்துச் சொல்வார்கள் என்ற கணக்கு பாதி. கணக்கு பலித்தது. மூன்றாவது மாதம் மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதினார்: க்ஷேத்திரம் என்ற சொல் உடைகிறது. க்ஷ என்பது யூனிகோடில் க, புள்ளி, ஷ என்று மூன்று குறி. என் நிரல் கொம்பை ஷ-வுக்கு முன்னால் மட்டும் தள்ளியதால், அது க்-க்கும் ஷ-வுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. திருத்தத்தையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார், நாலே வரி. என் நிரலைவிட நேர்த்தியாக இருந்தது.

மாநாடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரைட்டனில் அப்போது நடந்த ஃபிளாஷ் ஆன் தி பீச், டொரன்டோவின் எஃப்ஐடிசி எல்லாம் எனக்கு வெறும் பெயர்கள். பேச்சாளர்கள் ஏற்றிவைக்கும் ஸ்லைடுகளையும் மாதிரி நிரல்களையும் 256 கேபிபிஎஸ் இணைப்பில் இரவு முழுக்க இறக்கி, காலையில் பிரித்துப் பார்ப்பேன். ஃபிளாஷில் முப்பரிமாணம் காட்டும் பேப்பர்விஷன்3டி வந்த புதிதில் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நான் நேரில் போனது சென்னையில் ஒரு பார்கேம்ப், பெங்களூரில் ஒரு மாநாடு, அவ்வளவுதான். பார்கேம்ப்பில் யார் வேண்டுமானாலும் தலைப்பை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசலாம். நான் கொம்புக் கதையைச் சொன்னேன். பத்துப் பேர் இருந்தார்கள், அதில் மூன்று பேர் அடுத்த பேச்சுக்கு இடம் பிடிக்க வந்தவர்கள்.

பெங்களூருக்கு 2009இல் இரவுப் பேருந்தில் போனேன். மேடையில் எல்லாம் பளபளப்பு. முந்தைய அக்டோபரில் ஃபிளாஷ் பிளேயர் 10 வந்திருந்தது. அதிலுள்ள புது எழுத்து எந்திரம் அரபியையும் இந்தியையும் ஒழுங்காகக் காட்டுவதைத் திரையில் காட்டினார்கள். அதுவரை எழுத்தைக் காட்டிவந்த பழைய டெக்ஸ்ட்ஃபீல்டுக்கும் இது கிடைக்குமா என்று எழுந்து கேட்டேன். கிடைக்காது, புது வகுப்புகளைக் கொண்டு திரும்ப எழுதவேண்டும் என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

தேநீர் இடைவேளையில் ஒருவர் தேடிவந்து, "நீங்க தமிழா? எங்களுக்கும் இதே சிக்கல்தான்" என்றார். கொச்சிக்காரர். மலையாளத்திலும் கொம்பு முன்னால்தான் வரும். பின்னாலேயே இந்திக்கு வேலை செய்யும் ஒருவர் வந்து, குறில் இகரம் படுத்தும் பாட்டைக் காகிதத்தட்டில் வரைந்து காட்டினார். கன்னடக்காரர் தன் கூட்டெழுத்துகளை அதன் பக்கத்திலேயே எழுதினார். அதைப் பார்த்ததும் என் கொம்பெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை என்று தோன்றிவிட்டது. நாலு மொழியில் உடைந்த எழுத்துகளோடு அந்தத் தட்டு மேசையில் கிடந்தது. மணி அடித்தும் நாங்கள் உள்ளே போகவில்லை. அந்தப் பயணத்தில் போட்ட காசு அந்த அரை மணி நேரத்திலேயே எடுத்தாகிவிட்டது.

அடுத்த வருடம் ஏப்ரல் 29இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷ் பற்றிய கடிதத்தை வெளியிட்டார். ஐபோனிலும் ஐபேடிலும் ஃபிளாஷுக்கு இடமில்லை, ஏன் இல்லை என்று வரிசையாக. படித்தபோது கோபம் வந்தது. பேட்டரியை உறிஞ்சுகிறது, அடிக்கடி விழுகிறது என்று அவர் சொன்னதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான், அதனால் கோபம் கூடியது. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஒரு ஜவுளிக்கடை முதலாளி ஐபேடோடு வந்து, "என்னங்க, நம்ம சைட்டு வெள்ளையா இருக்கு" என்றார். சைட்டை வேறு மாதிரி செய்து தரச் சொன்னவர், பழைய பாக்கியை மட்டும் கடைசிவரை தரவில்லை. 2011 நவம்பரில் மொபைல் பிளேயரை அடோபியே கைவிட்டது. ஃப்ளெக்ஸையும் திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. நான் உலாவிகள் நேரடியாக ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாறினேன். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் தெரிந்தவனுக்கு அது பெரிய தாவல் இல்லை. அசைவூட்டத்தில் என்னோடு இருந்த இரண்டு நண்பர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

ஃபிளாஷை அடோபி நிறுத்தும் கெடு 2020 டிசம்பர் 31 என்பது மூன்று வருடம் முன்பே தெரிந்ததால், அந்த நாள் வந்தபோது துக்கம் ஒன்றும் வரவில்லை. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே படங்களை ஓட்ட மறுத்தது. அந்தப் பொங்கல் விடுமுறையில் பழைய சிடிகளை எடுத்து, ரஃபிளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ரஸ்ட் மொழியில் ஆர்வலர்கள் கட்டிவரும் ஃபிளாஷ் பிளேயர் இல்லாமலே பழைய கோப்புகளை ஓட்டும் திறந்த மூல எமுலேட்டர் அது. நான் பெருமைப்பட்ட முப்பரிமாண நகைக்கடை ஓடவில்லை. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 ஆதரவு அப்போது அதில் அரைகுறைதான். யானை சிடி ஓடியது. இழுத்து வைத்தேன், மணி அடித்தது. கொம்பு சரியான இடத்தில்தான் இருந்தது.

அந்த ஃபங்ஷனை நான் ஏறக்குறைய மறந்தே போயிருந்தேன். கூகுள் கோட் மூடப்பட்டபோது அதே மாதிரித் தளமான கிட்ஹப்புக்கு மாற்றி வைத்ததோடு சரி. அதை யாரோ ஜாவாஸ்கிரிப்டில் திருப்பி எழுதியிருப்பது, இரண்டு வருடம் முன்பு ஒரு அச்சகத்திலிருந்து வந்த கடிதத்தில்தான் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம். பக்கம் கட்ட இன்னமும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள், இன்னமும் பழைய டாப் எழுத்துரு. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்பும் வாசகத்தை அந்த நிரல் வழியாக மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்களாம். உபயக்ஷேமோபரி என்ற சொல்கூடச் சுத்தமாக வருகிறதாம். மலேசியக்காரரின் நாலு வரிக்கு அந்தச் சொல்லைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

சிக்கல் ஸ்ரீயில் என்று எழுதியிருந்தார்கள். சிலர் அனுப்பும் ஸ்ரீ சரியாக வருகிறது, சிலர் அனுப்புவது கட்டம் கட்டமாக வருகிறது. பார்த்தால், சில போன்கள் ஸ-வுக்குப் பதிலாக ஶ போட்டு ஸ்ரீ எழுதுகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஶ யூனிகோடுக்கு வந்தது 2005இல். 2006இல் அட்டவணை போட்டபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். மறுநாள் அச்சகத்திலிருந்து ஒரு பத்திரிகையின் படம் வந்தது. மஞ்சள் தடவிய நாலு மூலை, நடுவில் ஸ்ரீ, கீழே எனக்குத் தெரியாத ஒரு மாப்பிள்ளையின் பெயர்.